அவர் வென்ற சனிக்கிழமை

தெற்கு லண்டனில் நோர்பரியில் என்னோடு வளர்ந்து, இப்போது முழங்கால் வலியையும் பிள்ளைகளின் பரீட்சைகளையும் பற்றிப் பேசுகிற வயதுக்கு வந்துவிட்ட கூட்டாளிகளே, லண்டன் ரோட்டுக்குப் பின்னால் இருந்த எங்கள் வீடு உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். அந்த வீட்டின் மேலறையில் ஒரு பொக்சர், குத்துச்சண்டைக்காரர், இருந்தார் என்பதும் ஞாபகம் இருக்கும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் என் தம்பி அதைச் சொல்லாத ஆளே இல்லை. மிச்சக் கதை உங்களுக்குத் தெரியாது. தெரியாமல் நாங்கள் பார்த்துக்கொண்டோம்.

அம்மா அப்போது தோர்ன்டன் ஹீத்தில் வயதானவர்களைப் பராமரிக்கும் இல்லம் ஒன்றில் வேலை செய்தா. அவவோடு ஒரே ஷிப்டில் ஒரு பிலிப்பைன்ஸ் பெண் இருந்தா. அவவின் கணவர் நாட்டிலிருந்து வந்து சேரவிருந்தார், இருக்க அறை தேவைப்பட்டது. எங்கள் வீடும் வாடகை வீடுதான். ஆனாலும் மேல் முன்னறையை யாருக்காவது கொடுத்தால்தான் மாதம் ஓடும். அப்படித்தான் அவர்கள் இரண்டு பெட்டிகளோடும் ஒரு சோறு அவிக்கும் மின்பானையோடும் வந்தார்கள். அவவை நாங்கள் அன்ரி என்றோம். அவரைப் பொக்சர் மாமா என்றோம். அப்பாவுக்கு அவர் தம்பி, அவருக்கு அப்பா அண்ணா. அந்த ஒரு சொல்லை அப்பாவே அவருக்குச் சொல்லிக்கொடுத்தார்.

பொக்சர் என்றதும் நாங்கள் மலைபோல ஒருவரை எதிர்பார்த்தோம். வந்தவர் அம்மாவின் உயரம்தான். மெல்லிய மனிதர். மூக்கு மட்டும் நடுவில் கொஞ்சம் தட்டையாகி இருந்தது. படியில் ஏறும்போது சத்தமே கேட்காது.

அவர்கள் வந்தபின் வீட்டின் மணம் மாறிவிட்டது. அன்ரி கோழியை வினாகிரியிலும் உள்ளியிலும் அவிய விடுவா. படிக்கட்டுக் கம்பளத்தில் அவர் தோளுக்குப் பூசும் தைலத்தின் காரம் ஏறிப்போய்க் கிடந்தது. எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் பொதுவாக இருந்தது கருவாடு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா ஒரு சட்டியில் பொரிப்பா, அன்ரி இன்னொரு சட்டியில் பொரிப்பா. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவி யன்னல்களை அடித்துச் சாத்துவது கேட்கும். அம்மாவும் அன்ரியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள். இலக்கத்தைச் சுரண்டி எடுத்துப் பேசும் ரெலிபோன் கார்ட்டுகள் அப்போது இருந்தன அல்லவா? இரண்டு குடும்பமும் ஒரே கடையில்தான் அதை வாங்கியது. அம்மா யாழ்ப்பாணத்துக்குப் பேசி முடித்ததும் அன்ரி படியில் உட்கார்ந்து தன் மகனோடு பேசுவா. அவன் நடக்கப் பழகியிருந்த வயது. மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தா.

காலையில் நாங்கள் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடும் நேரம் அவர் ஓடிவிட்டுத் திரும்பி வருவார். குப்பை போடும் கறுப்புப் பையில் தலைக்கும் கைக்கும் ஓட்டை வெட்டி, அதைச் சுவெற்றருக்கு உள்ளே போட்டிருப்பார். வியர்த்து எடை குறைய வேண்டுமாம். பனிக்காலத்தில் தொப்பியைக் கழற்றினால் தலையிலிருந்து ஆவி பறக்கும். கைகளில் சுற்றும் நீளத் துணிப்பட்டிகளைத் தோய்த்து எங்கள் பின்வளவுக் கொடியில் போடுவார். தம்பி அவற்றை எடுத்துத் தன் கையில் சுற்றிக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நிற்பான்.

அவருடைய பழைய கதையை அவர் சொன்னதைவிட அன்ரி சொன்னதுதான் அதிகம். பதினான்கு வயதில் ஊர்த் திருவிழாவில், கூடைப்பந்து மைதானத்தில் கயிறு கட்டி நடத்திய சண்டையில் தொடங்கியவர். பிறகு தலைநகரத்துக்குப் போய், பயிற்சி மண்டபத்தில் மேடைக்குக் கீழேயே அட்டை விரித்துப் படுத்து வளர்ந்தவர். தன் நாட்டின் பட்டத்தை ஒருமுறை வென்றிருக்கிறார். வென்றவருக்குக் கட்டும் இடுப்புப் பட்டியோடு நிற்கும் படம் ஒன்று அவர்கள் அறைச் சுவரில் ஒட்டியிருந்தது. அதற்குப் பிறகு யப்பானுக்கும் தாய்லாந்துக்கும் அனுப்பினார்களாம்.

"அங்கே இவர் வென்றாலும் கையைத் தூக்கமாட்டார்கள். அந்த ஊர்ப் பொடியன்தான் வெல்லவேண்டும். எல்லாரும் அதைப் பார்க்கத்தானே வந்திருப்பார்கள்" என்றா அன்ரி, வெங்காயம் வெட்டிக்கொண்டே. ஒரு குறையாக அவ அதைச் சொல்லவில்லை. மழை பெய்யும் என்பது போலச் சொன்னா.

லண்டனிலும் அவருடைய வேலை அதுதான். எங்கள் வீட்டுப் படியடியில் சின்ன மேசை மேல் ரெலிபோன் இருக்கும். கரகரத்த குரலில் ஒருவன் அழைப்பு எடுப்பான். சண்டைகளுக்கு ஆள் பொருத்திக் கொடுக்கிறவன். சனிக்கிழமை வர ஏலுமா என்று கேட்பான். மாமா எப்போதும் ஓம் என்பார். ஒரு பக்கம் வளர்ந்துவரும் உள்ளூர்ப் பொடியன். அவனுடைய கூட்டாளிகளும் சொந்தக்காரரும் ரிக்கெற் வாங்கி மண்டபத்தை நிரப்புவார்கள். மறுபக்கம் எங்கள் மாமா. சின்னச் சண்டைகளில் நடுவர் ஒருவரே புள்ளி போட்டு முடிவில் ஒரு கையைத் தூக்குவார். தூக்கப்படுவது மாமாவின் கை அல்ல.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். அந்தப் பொடியன்கள் ஒருவராலும் அவரை விழுத்த முடியவில்லை. முகத்தில் கீறல்கூட இல்லாமல், வரும் வழியில் எங்களுக்குக் கோழிப் பொரியலும் சிப்ஸும் வாங்கிக்கொண்டு வருவார். அடுத்த வாரமும் அவரைக் கூப்பிடலாம். அடி படாமல் தோற்பதற்கு எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும் என்று எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை.

"வெற்றியா மாமா?" என்று தம்பி கதவிலேயே நின்று கேட்பான்.

"தோல்வி" என்பார் சிரித்துக்கொண்டு. "சிப்ஸ் சூடாக இருக்கிறது."

தம்பிக்குச் சிப்ஸ் இறங்காது. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் உங்களிலேயே ஒருவன், யார் என்று சொல்லமாட்டேன், "உங்கடை பொக்சர் எல்லாத்திலையும் தோக்கிறாராமே?" என்று கேட்டு வகுப்பைச் சிரிக்கவைத்தான். தம்பி அன்றிலிருந்து அவரைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டான்.

இனி அப்பாவைப் பற்றி. அப்பா ஊரில் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் மனேஜராக இருந்தவர். இங்கே பெற்றோல் ஸ்டேஷனில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தார். எங்கள் அகதி வழக்கு வருடக் கணக்காக இழுபட்டது. குரோய்டனில் குடிவரவு அலுவலகத்தின் அந்த உயரக் கட்டடத்துக்கு முன்னால் வரிசையில் நின்றதை உங்கள் வீடுகளிலும் மறந்திருக்கமாட்டார்கள். அந்தப் பனிக்காலத்தில் எங்கள் மேல்முறையீடு தள்ளுபடியானது. நீதிபதி அப்பாவின் கதையை நம்பவில்லை என்று வக்கீல் சொன்னார். அப்பாவின் தோளில் இருந்த காயத்தைக் கூட நம்பவில்லை. அவர் வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றாமல் ரீவிக்கு முன்னால் இருந்தார். சில நாள் அப்படியேதான். பிறகு எல்லாவற்றுக்கும் சத்தம் போடத் தொடங்கினார்.

அப்படியிருக்கும்போதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு வந்தது. அப்பாவின் வேலை நண்பர்கள் சிலர் வந்திருந்தார்கள். மாமாவும் அன்ரியும் எங்களோடு சாப்பிட்டார்கள். அடுத்த சனிக்கிழமை மாமாவுக்குச் சண்டை இருந்தது. அப்பாவும் மாமாவும் உடைந்த ஆங்கிலத்தில்தான் பேசுவார்கள். நான் தமிழில் எழுதுகிறேன்.

"தம்பி, இந்தமுறை அடிச்சு விழுத்தும்" என்றார் அப்பா.

மாமா சிரித்தார். "நான் விழுத்தினால் பிறகு என்னைக் கூப்பிடமாட்டார்கள், அண்ணா."

"கூப்பிடாட்டிப் போகட்டும். உமக்குப் பயம்."

"பயம் இல்லை. இது என் வேலை."

அம்மா கறிச்சட்டியோடு வந்து, "இஞ்சருங்கோ, சாப்பிடேக்கை ஏன் உந்தக் கதை?" என்றா தமிழில். அவ மாமாவின் தட்டில் இன்னொரு அகப்பை போட்டா. "காணும் அக்கா, காணும்" என்று தட்டைக் கையால் மறைத்தார் மாமா. எங்கள் வீட்டில் அவர் முதல் படித்த சொற்களில் ஒன்று அது.

அப்பா விடவில்லை. நண்பர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "காசுக்கு அடி வாங்கிறதும் ஒரு வேலையே?" என்றார். "நாளைக்கு உம்மடை மகன் கேப்பான். அப்பா என்ன வேலை செய்தவர் எண்டு. நீர் என்ன சொல்லுவீர்? வெள்ளைக்காரப் பொடியங்களுக்கு முதுகு குடுத்தனான் எண்டு சொல்லுவீரோ?"

அவர் மகனைப் பற்றி எடுத்ததும் அன்ரி கோப்பையை மேசையில் வைத்தா. நண்பர்களில் ஒருவர் சிரித்தார். மாமா சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய காதுகள் சிவந்ததை நான் கண்டேன். சண்டைக்குப் போய் வரும் நாட்களில்கூட அப்படிச் சிவந்து நான் பார்த்ததில்லை. கொஞ்ச நேரத்தில் எழுந்து தட்டைக் கழுவி வைத்துவிட்டு, சத்தமில்லாமல் மேலே போனார். அன்ரி பின்னால் போனா.

"ரோஷம் வரட்டும்" என்றார் அப்பா, எங்களைப் பார்த்து. தான் ஏதோ நல்ல காரியம் செய்தது போல.

அந்தச் சனிக்கிழமை அப்பா ஒரு வான் பிடித்தார். நண்பர்கள், தம்பி, நான் எல்லோரும் அடைந்துகொண்டு கிழக்கு லண்டனில் இருந்த ஒரு பழைய மண்டபத்துக்குப் போனோம். பியரும் வியர்வையும் வறுத்த வெங்காயமும் கலந்த மணம். மாமாவின் சண்டை மாலையிலேயே, பெரிய சண்டைகளுக்கு முன்னால். எதிராளி பத்தொன்பது இருபது வயதுப் பொடியன். முகமெல்லாம் செம்புள்ளி. பூச்சு வேலை செய்கிறவனாம். இதுவரை தோற்றதே இல்லையாம். அவனுடைய தாய் முன்வரிசையில், தலைமுடியைச் சுருட்டி அலங்கரித்துக்கொண்டு, கைப்பையை மடியில் வைத்து இருந்தா. மண்டபத்தின் பாதி அவன் பெயரைப் பாடியது. நாங்கள் ஒரு மூலையில் நின்று தமிழில் கத்தினோம்.

முதல் இரண்டு சுற்றும் வழக்கம் போலத்தான். மாமா கைகளை முகத்துக்கு முன்னால் வைத்து, பின்வாங்கி, சுழன்று, அவன் அடிகளைத் தோளிலும் முழங்கையிலும் வாங்கினார். பொடியன் வலக்கையால் அடிக்கும் ஒவ்வொரு தடவையும் அவனுடைய மற்றக் கை கீழே போனது. எனக்கே அது தெரிந்தது என்றால் அவருக்குத் தெரியாமலா இருக்கும்? அப்படி எத்தனையோ பேரை அவர் பார்த்து, பேசாமல் விட்டிருப்பார்.

"அடியும் தம்பி! அடியும்!" அப்பா கதிரையில் ஏறி நின்று கத்தினார். குரல் பிளந்தது. மாமா ஒருமுறை எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

மூன்றாம் சுற்றில் அவர் பின்வாங்கவில்லை. பொடியனின் கை இறங்கியது. மாமா விலாவுக்குக் கீழே ஒரே ஒரு அடி அடித்தார். பெரிய சத்தம்கூட இல்லை. பொடியன் ஒரு கணம் நின்றான். பிறகு முழங்காலில் இறங்கி, வாயைத் திறந்து மூச்சைத் தேடினான். நடுவர் எண்ணினார். மண்டபம் அப்படியே ஓய்ந்துபோனது. அந்த அமைதிக்குள் எங்கள் மூலை மட்டும் துள்ளியது. அப்பா என்னைத் தூக்கிச் சுற்றினார். அவர் அழுதுகொண்டிருந்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. எங்கள் வழக்கு பிற்பாடு சரிவந்த நாளில்கூட.

மாமா மேடையில் குந்தி, பொடியனின் தோளைப் பிடித்து ஏதோ சொன்னார். அந்தத் தாய் எழுந்து கயிற்றருகே ஓடினா. மேடைக்குப் பக்கத்தில் இருந்த தடித்த மனிதர் ஒருவர் பேனாவைச் சட்டைப்பைக்குள் செருகிவிட்டு, ஒருவரையும் பாராமல் வெளியே போனார். அவர்தான் அந்தக் கரகரத்த குரல்காரர் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அடுத்த நாள் எங்கள் வீட்டில் கொண்டாட்டம். ஆட்டிறைச்சிக் கறி, பிரண்டி, கீழறை நிறைய ஆட்கள். தம்பி கோர்ன்பிளேக்ஸ் பெட்டியை வெட்டி, சொக்கலேற் தாளால் பொன் போல ஒட்டி, ஒரு சம்பியன் பட்டி செய்திருந்தான். அதை மாமாவின் இடுப்பில் கட்டினான். மாமா அதைக் கட்டிக்கொண்டே கதிரையில் இருந்தார். ஆட்கள் வந்து வந்து கை கொடுத்தார்கள். அவர் எல்லோருக்கும் சிரித்தார். பிள்ளைகளுக்குப் படம் எடுக்க நின்றார். "இது எங்கடை தம்பி, நான் சொல்லித்தான் அடிச்சவர்" என்று அப்பா அவர் தோளில் கையைப் போட்டுக்கொண்டு நின்றார். மாமாவின் தட்டில் சோறு அப்படியே கிடந்தது.

நான் தண்ணீர் எடுக்கக் குசினிக்குப் போனேன். அன்ரி தொட்டியில் ஏனங்கள் கழுவிக்கொண்டிருந்தா. அம்மா அவவின் முதுகைத் தடவி, "சந்தோஷம்தானே?" என்று கேட்டா.

அன்ரி திரும்பவில்லை. "இனி அவரைக் கூப்பிடமாட்டார்கள், அக்கா" என்றா. குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

அம்மாவுக்கு அது விளங்கியிருக்க வேண்டும். அவ ஒரு துணியை எடுத்து ஏனங்களைத் துடைக்கத் தொடங்கினா.

ரெலிபோன் வரவில்லை. மாமா வழக்கம் போல ஓடினார், கயிறு அடித்தார், துணிப்பட்டிகளைத் தோய்த்துக் காயப் போட்டார். மத்தியானத்தில் படியின் கீழ்த்தட்டில், ரெலிபோனுக்குப் பக்கத்தில் இருப்பார். நாங்கள் பள்ளிக்கூடத்தால் வரும்போதும் அங்கேயே இருப்பார். மணி அடித்தால் எங்களைப் பார்ப்பார். அது அம்மாவின் தங்கையாகவோ வக்கீல் கந்தோராகவோ இருக்கும். ஒருநாள் அவரே அவனுக்கு அழைப்பு எடுத்துப் பேசினார். அந்தக் கரகரத்த குரல் எனக்கும் கேட்டது. ரிக்கெற் விற்கும் பொடியனை நோகடித்துவிட்டாய், இனி உன்னை நம்பி என் பொடியன்களை எப்படித் தருவது என்று கேட்டது. மாமா திரும்பத் திரும்ப சொரி சொன்னார். வென்றதற்காக ஒரு மனிதர் மன்னிப்புக் கேட்பதை அன்றுதான் கண்டேன்.

பனிக்காலம் முடியும் சமயத்தில் ஒரு அழைப்பு வந்தது. வடக்கே தூரத்து நகரம் ஒன்று. எதிராளி மாமாவைவிட எவ்வளவோ பாரம் கூடினவன், ஒரு காலத்தில் சம்பியனாக இருந்து ஓய்வெடுத்துவிட்டுத் திரும்பி வருகிறவன். அவனோடு மோத வேறொருவரும் சம்மதிக்கவில்லையாம். மேலறையில் அன்ரி அழுவது எங்களுக்குக் கேட்டது. மாமா போவதென்று முடிவெடுத்தார்.

"நான் வாறன் தம்பி, தனியப் போகாதேயும்" என்றார் அப்பா. நாங்கள் எல்லோரும் இருக்கும்போது சொன்னார். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை, "ஷிப்ட் மாத்த ஏலாதாம்" என்றார். மாமா தோளில் பையைப் போட்டுக்கொண்டு தனியாகக் கோச் ஏறினார். அப்பா ஷிப்ட் மாற்றித் தரும்படி கேட்கவே இல்லை என்று பின்னர் அவருடைய நண்பர் ஒருவர் அம்மாவிடம் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார்.

ஞாயிறு பின்னேரம் அவர் வந்தார். கதவைத் திறந்தது நான்தான். ஒரு பக்க முகம் இன்னொருவருடையது போல இருந்தது. இடது கண்ணைக் காணவில்லை. சிப்ஸ் இல்லை.

"விழுந்தீர்களா?" என்று தம்பி கேட்டான்.

"இல்லை. கடைசி மணி வரைக்கும் நின்றேன்" என்றார்.

விழுந்திருக்கலாம். முதலே விழுந்திருந்தால் நடுவர் நிறுத்தியிருப்பார். முன்பு என்றால் அவர் எப்படியாவது அடியிலிருந்து தப்பியிருப்பார், அல்லது ஒரு முழங்காலில் இறங்கியிருப்பார். அன்று அவர் நின்று வாங்கியிருக்கிறார். ஏன் என்று அவர் எவரிடமும் சொல்லவில்லை. எங்கள் சாப்பாட்டு மேசையில் சொல்லப்பட்டது அவர் காதில் இருந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். அம்மாவும் அப்படித்தான் நினைத்தா.

வீக்கம் வற்றினால் சரியாகும் என்று எல்லோரும் சொன்னோம். வீக்கம் வற்றியது. ஒரு காலையில் அன்ரி நீட்டிய தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்க அவர் கை நீட்டினார். கை கோப்பைக்குப் பக்கத்தால் போனது. அவர் மறுபடியும் நீட்டினார். அன்ரி கோப்பையை அவர் கைக்குள் வைத்து, விரல்களை மூடிவிட்டா. ஆஸ்பத்திரியில் கண்ணுக்குள் விழித்திரை கிழிந்துவிட்டது என்றார்கள். தைத்துப் பார்த்தார்கள். அந்தக் கண்ணில் வெளிச்சம் மட்டும் மிஞ்சியது. சண்டை பிடிக்கும் உரிமம் போய்விட்டது. பதினான்கு வயதிலிருந்து அவர் செய்த ஒரே வேலை அது.

அப்பா அதற்குப் பிறகு அவர்களோடு இருந்து சாப்பிடவில்லை. வேலையால் வந்தால் முன்கதவால் வராமல் பின்வளவுப் பக்கத்தால் வந்தார். படியில் மாமாவின் கால் தெரிந்தால் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். நாங்களும் அப்பாவைப் பார்த்து அப்படியே ஒதுங்கப் பழகினோம். தம்பி கொடியில் கிடந்த துணிப்பட்டிகளைத் தொடுவதில்லை. பிறகு கொடியிலும் ஒன்றும் இல்லை.

கோடையில் பாரிஸிலிருந்து அம்மாவின் தம்பி குடும்பத்தோடு வருவதாக இருந்தது. உண்மையாகவே வந்தார், பொய்யில்லை. ஆனால் கீழறையில் அவர்களை வைத்திருக்கலாம். மேலறை வேண்டும் என்று அப்பா சொன்னார். தான் போய்ச் சொல்லவில்லை. அம்மாவை அனுப்பினார். அம்மா படியேறிப் போய்க் கதவில் நின்று சொன்னதைக் கீழிருந்து கேட்டேன்.

"சரி அக்கா. பரவாயில்லை அக்கா" என்றா அன்ரி.

அவர்கள் தோர்ன்டன் ஹீத்தில் வேறொரு அறைக்குப் போனார்கள். போகுமுன் அன்ரி அறையைச் சுவர்த்தாள்வரை துடைத்துவிட்டுப் போனா. பட்டியோடு நிற்கும் படம் இருந்த இடம் மட்டும் ஒரு சதுரமாக வெளிறாமல் தெரிந்தது. மாமாவுக்காக நாட்டுக்கே திரும்பப் போகிறார்கள் என்று அம்மா வேலையிடத்தில் கேள்விப்பட்டு வந்து சொன்னா. அப்பா ரீவியின் சத்தத்தைக் கூட்டினார்.

பிறகு ஒரு ஞாயிறு பின்னேரம் கதவு மணி அடித்தது. அப்பா திரைச்சீலையின் ஓரத்தால் பார்த்தார். அப்படியே பின்வாங்கினார். விரலை வாயில் வைத்து எங்களுக்குக் காட்டினார். ரீவியை நிறுத்தினார். பாரிஸ் மாமா குடும்பம் அன்று வெளியே போயிருந்தது. நாங்கள் நாலு பேரும் குசினிக்குள் போய் இருந்தோம். அம்மா மட்டும் மேலே எதையோ எடுக்கப் போவதாகச் சைகை காட்டிவிட்டு நழுவினா. மணி மறுபடியும் அடித்தது. தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான். அப்பா மேசைத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதடு காய்ந்துபோயிருந்தது. கொஞ்ச நேரத்தில் வெளியே படலை சாத்தும் சத்தம் கேட்டது.

"சண்டை பிடிக்க வந்திருக்கினம். நியாயம் கேக்க வந்திருக்கினம்" என்றார் அப்பா மெல்ல.

வருடங்கள் போயின. எங்களுக்கு விசா கிடைத்தது, பிறகு பாஸ்போட். அப்பா சொந்தமாகக் கடை போட்டார். கல்யாண வீடுகளிலும் பிறந்தநாள்களிலும் அப்பா அந்தச் சனிக்கிழமைக் கதையைச் சொல்லத் தொடங்கினார். நீங்களும் கேட்டிருப்பீர்கள். மண்டபம் நிறைய வெள்ளைக்காரர், ஒரு மூலையில் நாங்கள், ஒரே அடி. அவர் விலாவைத் தொட்டுக் காட்டுவார். கதை நடுவர் கையைத் தூக்குவதோடு முடியும். எல்லோரும் கைதட்டுவார்கள். நான் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவேன்.

போன வருடம் ரெய்னர்ஸ் லேனில் தம்பி வீட்டில் அப்பாவின் பிறந்தநாள். கேக் வெட்டி முடிந்தது. அப்பா கதையைச் சொன்னார். தம்பியின் மகனுக்கு இப்போது பதினான்கு. போனைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து, "அப்பப்பா, அதுக்குப் பிறகு அவருக்கு என்ன நடந்தது?" என்று ஆங்கிலத்தில் கேட்டான். இவ்வளவு காலமும் அந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை.

"பிறகென்ன, நாட்டுக்குப் போய் நல்லா வந்திட்டார்" என்றார் அப்பா.

"பொய் சொல்லாதேங்கோ."

அம்மா. கையில் ரோல்ஸ் தட்டோடு குசினி வாசலில் நின்றா. அப்பா சொல்லும் கதையின் நடுவே அவ வாய் திறந்ததே இல்லை. "அவற்றை கண் போயிட்டுது. வெண்டபடியால்தான் போனது. நாங்கள் அவரை வீட்டை விட்டும் எழுப்பினனாங்கள். போகேக்கை சொல்லிப்போட்டுப் போக வந்த மனிசருக்குக் கதவும் திறக்கேல்லை."

"சண்டை பிடிக்க எல்லோ வந்தவை" என்றார் அப்பா.

"நான் மேல் யன்னலாலை பாத்தனான். அவர் கோட்டும் ரையும் கட்டி, தலை வாரி இழுத்து வந்தவர். அவ நான் தீபாவளிக்குக் குடுத்த சீலையை உடுத்திக்கொண்டு வந்தவ. தனக்குத் தெரிஞ்ச மாதிரிச் சுத்தியிருந்தவ, கரண்டைக்காலுக்கு மேலை நிண்டது. சண்டை பிடிக்க வாறவை அப்பிடியே வருவினம்?"

"நீ எனக்குச் சொல்லேல்லையே."

"சொன்னா நீங்கள் திறந்திருப்பியளோ?" என்றா அம்மா. பிறகு, "நானும்தானே திறக்கேல்லை" என்றா.

வந்திருந்தவர்கள் தங்கள் தட்டுகளைப் பார்த்தார்கள். தம்பி கேக் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தான், துடைக்க அதில் ஒன்றும் இருக்கவில்லை. அப்பாவின் எண்பதை நெருங்கும் கைகள் மடியில் கிடந்தன. பிறகு பேரனைப் பார்த்தார்.

"உந்தப் போனிலை ஆக்களைத் தேடிப் பிடிக்கலாமாம் எல்லோ?" என்றார். "அந்தாளை ஒருக்காத் தேடித் தா, அப்பு. நான் கதைக்கவேணும்."

"ஓகே. அவற்றை பேர் என்ன?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தா. அன்ரி அவரைக் கூப்பிட்ட செல்லப்பெயர் எனக்கு நினைவு வந்தது. ஆனால் அந்தப் பெயரில் அவர்கள் நாட்டில் தெருவுக்குத் தெரு ஆள் உண்டு என்று அவவே சிரித்துச் சொல்லியிருக்கிறா. அந்த மண்டபத்தில் அவருடைய முழுப்பெயரை ஒலிபெருக்கியில் சொன்னார்கள்தான். நாங்கள் கத்திக்கொண்டிருந்தோம்.

"தம்பி எண்டுதான்..." என்றார் அப்பா.

தம்பியின் மகன் இரண்டு பெருவிரல்களையும் திரைக்கு மேல் வைத்தபடி, எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.